திரையில் தமிழ் எழுத்து வரைதல்: ஜாவா சுவிங் வழி ஒரு விளக்கம்

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு முரசு மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டுக் கணினியில் தமிழை உள்ளிடுவது நமக்குப் புதுமையன்று. எனினும், எழுத்தின் வரிவடிவத்தை மாணவருக்கு வரைந்து காட்டும் செயலியை ஆசிரியர் தாமே எழுத முற்படும்போது சில இடர்கள் எழுகின்றன. ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முதலாம் ஆண்டு மாணவருக்குக் 'கொ' என்னும் எழுத்தைக் கோடு கோடாக எழுதிக் காட்டும் செயலியைச் சான்றாகக் கொள்வோம். ஜாவா மொழியின் சுவிங் சட்டகம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சுவிங்கில் எப்பொழுது வரைவது என்பதை முடிவு செய்வது சட்டகமே. நிரல் எழுதுபவர் அல்லர். சாளரம் திறக்கும்போதும் அதன் அளவு மாறும்போதும் சட்டகம் 'பெயிண்ட்கம்போனென்ட்' என்னும் செயற்கூற்றை அழைக்கிறது. ஜேபேனல் வகுப்பின் வழித்தோன்றலாக நம் வகுப்பை அமைத்து, அச்செயற்கூற்றை அதில் மீள எழுதுதல் வேண்டும். அதன் முதல் வரியிலேயே தாய்வகுப்பின் செயற்கூற்றை அழைத்தல் இன்றியமையாதது. தவறினால் பின்னணி துடைக்கப்படாமல், முன்னர் எழுதிய 'கை'யின் மேலேயே 'கொ' படியக்கூடும்.

தொடக்க நிலையினர் பெரும்பாலும் செய்யும் பிழை வேறு. சுட்டியை இழுத்தவுடன் 'கெட்கிராபிக்ஸ்' வழித் திரையில் நேரடியாக வரைந்துவிடுகின்றனர். கோடு தோன்றுகிறது, சாளரத்தின் அளவு மாறியதும் மறைந்துவிடுகிறது. கோட்டின் புள்ளிகளைப் பொருளின் பட்டியலில் சேமித்து, 'ரீபெயிண்ட்' வழி வேண்டுகோள் மட்டும் விடுப்பதே முறை. அவ்வேண்டுகோள் உடனே வரைவதில்லை. அடுத்தடுத்து வருபவை ஒன்றாக இணைக்கப்படுவதும் உண்டு. எனவே கோடுகளுக்கிடையே இடைவேளை வேண்டி வரையும் செயற்கூற்றையே காத்திருக்கச் செய்தால் சாளரம் முழுவதும் உறைந்துபோகும். சுவிங்கின் 'டைமர்' ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கோட்டைக் கூட்டி வேண்டுகோள் விடுத்தால் போதும்.

எழுதிக் காட்டியபின் அச்செழுத்தையும் அருகில் காட்ட வேண்டுமல்லவா? தமிழுக்கே உரிய சிக்கல் இங்குதான் உள்ளது. ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரு குறியீடுகள். அவற்றைத் தனித்தனியே எடுத்து வரைந்தால், ககரத்தை அடுத்துப் புள்ளிவட்டத்தோடு கூடிய குறி தோன்றும். எழுத்துப் பழகும் குழந்தை அதனையும் ஒரு தமிழெழுத்தென நம்பிவிடும். ஆதலின் இதனைச் சிறுபிழை என ஒதுக்க இயலாது. முழுச் சரத்தையும் ஒரே அழைப்பில் தந்தால், கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் எழுத்துரு இயந்திரமே அமைத்துக்கொள்ளும். அகலத்தையும் முழுச் சரத்திற்கே அளத்தல் வேண்டும்.

'டிராஸ்டிரிங்' கேட்கும் செங்குத்து அளவு எழுத்தின் உச்சியன்று, அடிக்கோடு. அங்குச் சுழியத்தைத் தந்தால் 'கொ' பலகத்திற்கு மேலே சென்று மறையும். 'ழ' எனில் அதன் கீழ்ப்பகுதி மட்டும் எட்டிப்பார்க்கும். எழுத்துருவின் மேலுயரத்தை 'ஃபாண்ட்மெட்ரிக்ஸ்' வழிப் பெற்று அந்த அளவைத் தந்தால் எழுத்து முழுமையாகத் தெரியும்.