துணைச் செயலியும் புறம்போக்கு நினைவகமும்

மேசைக் கணினியில் புதுசா ஒரு கார்டைச் செருகினால் லினக்ஸ் கர்னல் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். பிசிஐ பாதையில் இடம் இடமாகப் போய் "யாருப்பா அங்கே?" என்று கேட்கும். கார்டு இருந்தால் தன் தயாரிப்பாளர் எண், சாதன எண், தனக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்பது வரை ஒப்பிக்கும். யுஎஸ்பியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

செல்போன், ரவுட்டர், மோட்டார் கன்ட்ரோலர் இவற்றில் இருக்கும் சில்லுகளில் இந்த மரியாதை கிடையாது. கதவைத் தட்டினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒன்றுமில்லாத முகவரியைத் தட்டினால் சிலவற்றில் பிழை வரும், சிலவற்றில் மொத்த சில்லும் உறைந்து நிற்கும். அதனால் எது எங்கே இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோப்புக்குப் பெயர்தான் டிவைஸ் ட்ரீ.

நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்க 'அ' பதிவேடு போதும். ஊரில் உள்ள ஒவ்வொரு புல எண்ணும், அதன் பரப்பும், யார் பேரில் பட்டா, எது புறம்போக்கு என்பதும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கும். தாசில்தார் வயலில் இறங்கிப் பார்ப்பதில்லை, பதிவேட்டைப் பார்க்கிறார். கர்னலும் அப்படித்தான். ஏஆர்எம் உலகில் முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக சி மொழியில் ஒரு கோப்பு எழுதிக் கர்னலுக்குள்ளேயே திணித்து வைத்திருந்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குப்பையைப் பார்த்துக் கடுப்பாகிப் பேசிய பிறகுதான் டிவைஸ் ட்ரீக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது.

கர்னலே இல்லாத இடத்தில் இந்தப் பதிவேடு தேவையில்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். (வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு இங்கே வரவில்லை.) அதன் இரும்புக் காணிக்கு ஏறத்தாழ 28,800 உணர் தகடுகள் என்று கணக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு மின்னணு அட்டை, அதில் ஒரு எஃப்பிஜிஏ, அதற்குள் நியோஸ் என்ற மென்செயலி. நியோஸில் எந்தச் சாதனம் எந்த முகவரியில் என்பதை வடிவமைப்புக் கருவியே ஒரு ஹெடர் கோப்பாக எழுதித் தந்துவிடும். அந்த நிரலுக்கு நினைவகத்தில் வேறு பங்காளி இல்லை. தகராறும் இல்லை.

லினக்ஸும் ஒரு குட்டிச் செயலியும் ஒரே சில்லில் குடியிருக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எஸ்டிஎம்32எம்பி157 என்ற சில்லு நல்ல உதாரணம். லினக்ஸ் ஓட இரண்டு கார்ட்டெக்ஸ்-ஏ7, பக்கத்தில் ஒரு கார்ட்டெக்ஸ்-எம்4. லினக்ஸ் பெரிய கூட்டுக்குடும்பம் மாதிரி, கூப்பிட்டவுடன் வரும் என்று சொல்ல முடியாது. நீரோட்ட மீட்டரிலிருந்து வரும் துடிப்புகளை ஒன்றுகூட விடாமல் எண்ணும் வேலையை எம்4-இடம் கொடுத்துவிடலாம்.

இந்தச் சில்லில் 64 கேபி அளவுள்ள ஒரு நினைவகத் துண்டு இருக்கிறது. ஏ7 பக்கமிருந்து பார்த்தால் அதன் முகவரி ஹெக்ஸ் எண்ணில் 38000000. எம்4-க்கோ அதே துண்டு 0. ஊர்க்காரர் "கிணத்துக் காடு" என்பார், பதிவேடு புல எண்ணைச் சொல்லும், நிலம் ஒன்றுதான். எம்4-க்கான நிரலை ஏற்றப்போவது லினக்ஸ் என்பதால், "அவன் 0 என்று சொன்னால் நீ 38000000 என்று எடுத்துக்கொள்" என்பதையும் டிவைஸ் ட்ரீயில் எழுத வேண்டும். அது இல்லாமல் ஃபர்ம்வேரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே கர்னலுக்குத் தெரியாது.

ஏற்றும் வேலையைச் செய்வது 2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில் வந்த ரிமோட்பிராக் என்ற பகுதி. ஃபர்ம்வேர் கோப்புக்குள் "எனக்கு இன்னின்ன வேண்டும்" என்று ஒரு வளப் பட்டியல் இருக்கும். கர்னல் அதைப் படித்து, நிரலை உரிய இடத்தில் வைத்து, எம்4-ஐத் தட்டி எழுப்பும். பிறகு இருவரும் பேசிக்கொள்வது பொது நினைவகத்தில் உள்ள இரண்டு வட்ட வரிசைகள் வழியாக. எஸ்டி நிறுவனத்தின் போர்டுகளில் அவை 10040000, 10041000 என்ற முகவரிகளில், ஒவ்வொன்றும் 4 கேபி.

சில்லுக்குள் இருக்கும் நினைவகம் போதாமல், லினக்ஸ் புழங்கும் பெரிய டிடிஆர் நினைவகத்தில் ஒரு பங்கைக் குட்டிச் செயலிக்குக் கொடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். அந்தப் பங்கு புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கர்னல் அதை யாருக்காவது பட்டா போட்டுக் கொடுத்துவிடும். இதற்குத்தான் ரிசர்வ்டு-மெமரி பகுதி. அதில் நோ-மேப் என்ற ஒரு சொல்லையும் சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் கர்னல் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காது, ஆனால் தன் பொது வரைபடத்தில் வைத்திருக்கும். செயலி முன்கூட்டியே ஊகித்து எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. சேர்த்தால் வரைபடத்திலேயே அந்த இடம் கிடையாது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? காமயகவுண்டன்பட்டி பக்கம் தெரிந்தவர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீர் கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. "மூணு நாள் நல்லா ஓடுதுண்ணே, நாலாம் நாள் கணக்கு பேதலிச்சுப் போகுது" என்றார். நாலு மணி நேரத் தண்ணீர் சில நிமிஷத்தில் பாய்ந்துவிட்டதாக நினைத்து வால்வை மூடிவிடுகிறது. பழம் பருக்கிற நேரம், கொடி காய்கிறது. கரண்டை நிறுத்திப் போட்டால் மறுபடி மூன்று நாள் ஒழுங்காக ஓடும்.

டிவைஸ் ட்ரீயில் ஒதுக்கியிருந்தது 1 எம்பி. ஃபர்ம்வேரின் புதிய பதிப்பில் துடிப்புக் கணக்கை வைக்கும் வளையம் அந்த 1 எம்பியைத் தாண்டி வெளியே போயிருந்தது. ரிமோட்பிராக் பிடித்திருக்க வேண்டாமா? ஏற்றும் நிரலின் துண்டுகள் தெரிந்த எல்லைக்குள் வருகின்றனவா என்று அது பார்க்கும், வரவில்லையென்றால் ஏற்ற மறுக்கும். ஓட ஆரம்பித்த பிறகு நிரல் நேரடி முகவரி போட்டு எங்கே எழுதுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. இங்கே நடந்தது அதுதான். மூன்று நாள் கணக்கும் புரிந்தது. புதிதாகக் கிளம்பிய லினக்ஸில் காலி இடம் ஏராளம். பதிவுக் கோப்புகள் சேரச் சேர, அவற்றின் நகல்களைக் கர்னல் காலி நினைவகத்தில் வைத்துக்கொண்டே போகும். நாலாம் நாள் அந்த வளையத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். சேதம் இருபக்கமும்: பதிவுக் கோப்புகளுக்குள்ளும் நடுநடுவே குப்பை எண்கள் இருந்தன.

இந்த வகைப் பிழையைத் தேட, ப்ராக் அடைவில் உள்ள ஐயோமெம் கோப்பில் கர்னல் தன்னுடையது என்று நினைக்கும் ரேம் எல்லைகளைப் பாருங்கள். அதை ஃபர்ம்வேரின் லிங்கர் தரும் மேப் கோப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. கர்னல் கட்டமைப்பில் டிவைஸ் ட்ரீ மூலக்கோப்பு சி ப்ரீபிராசஸர் வழியாகத்தான் போகிறது. லிங்கர் ஸ்கிரிப்டையும் அதே வழியில் அனுப்பலாம். தொடக்க முகவரியையும் அளவையும் ஒரே ஹெடர் கோப்பில் எழுதி இரண்டிலும் சேர்த்துவிட்டு, வளையத்தின் முடிவு அந்த எல்லையைத் தாண்டினால் கம்பைல் ஆகாதபடி லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டுவிட வேண்டும். அந்தத் தோட்டத்து கன்ட்ரோலரில் இப்போது ஒதுக்கீடு 2 எம்பி.