சென்னைப் பெட்டி சிங்கப்பூரில் "பஸ்" மாறுவது ஏன்?

துறைமுகத்தில் ஒரு நாள் தாமதம். கடைக்காரர் தலையில் செலவு!

பாரிமுனை, மண்ணடி பக்கம் இறக்குமதிச் சாமான் விற்கும் கடைக்காரர்களிடம், "சரக்கு எப்ப வரும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"கப்பல் கிளம்பிடுச்சு சார். ஆனா பெட்டி சிங்கப்பூருல இறங்கிக் கிடக்குது. அடுத்த கப்பல்ல வரணும்" என்ற பதில் அடிக்கடி வரும்.

திருப்பூர் பனியன் ஐரோப்பாவுக்குப் போகும்போதும் இதே கதைதான். தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறும் பெட்டி, கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறும்.

நேராகப் போகும் கப்பல்களும் உண்டு. ஆனாலும் ஏராளமான பெட்டிகள் நடுவழியில் இறங்கித்தான் ஏறுகின்றன.

ஏன் இந்தச் சுற்று?

டவுன் பஸ், எக்ஸ்பிரஸ் பஸ்

கிராமத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு வரவேண்டும். எக்ஸ்பிரஸ் பஸ் அவர் வீட்டு வாசலுக்கா போகும்? அவர்தான் டவுன் பஸ் பிடித்து, பெரிய பஸ் நிலையத்துக்கு வந்து மாறவேண்டும்.

கடலிலும் அப்படியே. டவுன் பஸ் மாதிரி ஓடுவது "பீடர்" கப்பல். எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுவது "தாய்க் கப்பல்".

இன்றைய பெரிய தாய்க் கப்பல் 400 மீட்டர் நீளம். 20 அடிப் பெட்டிக் கணக்கில் 24 ஆயிரம் பெட்டிகள் ஏற்றலாம். முழுச் சுமை ஏற்றினால், கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் 16 மீட்டர் ஆழம் வரை இறங்கி நிற்கும்.

அது ஒரு துறைமுகத்துக்குள் நுழைய மூன்று வேண்டும். ஆழம் வேண்டும். போகிற பாதையை விட்டு ரொம்ப விலகாமல் இருக்கவேண்டும். வந்த வேகத்தில் திருப்பி அனுப்பவேண்டும்.

75 சதவீதம்

கப்பல் மாறிப் போகும் இந்தியச் சரக்கில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறி வந்தது. இது மத்திய அரசு சொன்ன கணக்கு. கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான் ஆகிய மூன்றும்தான் இதில் முக்கியமானவை.

ஒரு முறை கூடுதலாக இறக்கி ஏற்றினால் அதற்குக் கூலி. அடுத்த கப்பல் வரும் வரை காத்துக் கிடக்கும் நாட்கள். இரண்டும் சரக்கின் விலையில் ஏறும்.

58 பெட்டிகள்

இந்தப் பெட்டி வியாபாரம் 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி தொடங்கியது. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, நியூவார்க் துறைமுகத்தில் "ஐடியல் எக்ஸ்" கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பினார்.

அதற்கு முன்பு மூட்டை மூட்டையாக ஏற்ற, டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் செலவு ஆனது. பெட்டியில் அடைத்து ஏற்றியபோது 16 சென்ட்டுக்குள் முடிந்தது!

அதன் பிறகு உலகத் துறைமுகங்களின் தலை எழுத்தே மாறியது.

சிங்கப்பூர் முந்தியது

1965-ல் தனி நாடான சிங்கப்பூருக்கு வயல் இல்லை, சுரங்கம் இல்லை. கண்டெய்னர் கப்பல் இந்தப் பக்கம் வருமா என்பதே சந்தேகமாக இருந்த காலத்தில், தஞ்சோங் பகாரில் அதற்கென்று தளம் கட்டியது.

1972 ஜூன் 23-ந் தேதி, "நிஹான்" என்ற கப்பல் 300 பெட்டிகளுடன் வந்து சேர்ந்தது.

2024-ம் ஆண்டில் சிங்கப்பூர் கையாண்டது 4 கோடியே 11 லட்சம் பெட்டிகள். பெரும்பகுதி அந்த ஊருக்கு வந்த சரக்கே அல்ல; கப்பல் மாறிப் போனவை! சீனாவின் ஷாங்காய் மட்டும்தான் அதற்கு மேல். அங்கே அந்த ஆண்டில் 5 கோடியைத் தாண்டியது.

சிங்கப்பூரின் சாமர்த்தியம் கிரேனில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது. ஷிப்பிங் கிளார்க்குகள் பல அலுவலகங்களுக்கு அலைந்து வாங்கிய அனுமதியை, 1989-ல் ஒரே கம்ப்யூட்டர் வலைக்குள் கொண்டு வந்தார்கள். நாள் கணக்கில் ஆன வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது.

சென்னையின் நிலை

கண்டெய்னருக்கென்றே தனித் தளம் அமைத்ததில் இந்தியாவில் சென்னைதான் முன்னோடி. 1983-ல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதைத் தொடங்கி வைத்தார். இன்று சென்னைத் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் தளத்தை நடத்துவதே சிங்கப்பூர்க் கம்பெனிதான்.

ஆனால், தாய்க் கப்பல்கள் போகும் கிழக்கு-மேற்குப் பாதை, இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. சென்னைக்கு வருவது என்றால் வடக்கே திரும்பி, வங்கக் கடலுக்குள் ஏறி வந்து போகவேண்டும். சில நூறு பெட்டிகளுக்காக எந்தக் கம்பெனி எண்ணெயை எரிக்கும்?

விழிஞ்சம் வந்தது

கன்னியாகுமரி மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில், கேரளாவின் விழிஞ்சத்தில் இந்தக் குறையைத் தீர்க்க ஒரு துறைமுகம் வந்து இருக்கிறது. கடலின் ஆழம் இயற்கையாகவே சுமார் 20 மீட்டர். பெரிய கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரம்தான்.

2025 மே 2-ந் தேதி பிரதமர் மோடி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே, 24 ஆயிரம் பெட்டிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய "எம்.எஸ்.சி. இரினா" அங்கே வந்து நின்றது. கொழும்பில் மாறிய நம் ஊர்ப் பெட்டிகள் அங்கே மாறினால், அந்தக் கூலி உள்நாட்டிலேயே தங்கும்.

கேட்டுக்கு வெளியே...

கப்பல் சீக்கிரம் வந்தால் மட்டும் போதுமா? பெட்டி கேட்டைத் தாண்டி வெளியே வரவேண்டாமா?

இலவச நாட்கள் முடிந்த பிறகு, பெட்டி கிடக்கும் ஒவ்வொரு நாளும் "டெமரேஜ்" ஏறும். கட்டுவது இறக்குமதியாளர். கடைசியில் கொடுப்பது கடைக்கு வரும் நீங்கள்தான்.

டிரெய்லர் லாரிகளுக்காக மதுரவாயலில் இருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை போட 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022-ல், ஈரடுக்குப் பாலமாகக் கட்ட மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள்.

இரண்டு அடிக்கல்லுக்கும் நடுவே போனது 13 ஆண்டுகள். கடலில் ஒரு நாளை மிச்சம் பிடிக்கக் கப்பல் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. அந்த ஒரு நாளை ரோட்டிலே விட்டுவிட்டால் யாருக்கு லாபம்?