மரத்தாற் சமைத்த சூறாவளி

பலகைகள் யாவும் மாறிய பின்னும் பழம்பொருள் பழம்பொருளாகுமோ? இவ்வினா என்னைப் பல்லாண்டுகளாக வருத்தியது. போர்க்காலத்தில் எங்கள் ஊர்க் கோயிற்றேர் எரிந்து போயிற்று. பின்னர் ஊரார் ஒன்றுகூடிப் புதுத்தேர் செய்வித்தனர். வேலைப்பாட்டிற் குறையொன்றுமில்லை. எனினும், “என் பாட்டனார் வடம் பிடித்த தேர் இதுவன்று” எனக் கூறி யான் ஒதுங்கியே நின்றேன். இவ்வினாவுக்கு விடை, சிறிதும் எதிர்பாராத ஓரிடத்தில் எனக்குக் கிடைத்தது. அமெரிக்க நாட்டிலே, நியூயோர்க் நகரின் கோனித் தீவுக் கடற்கரையிலே உள்ள களியாட்டப் பூங்காவே அவ்விடம்.

கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் என்னை ஆங்கு அழைத்துச் சென்றான். கடலை நோக்கி மலைத்தொடர் போல வளைந்து நெளிந்து நின்றது ஒரு பாதை. ‘றோலர் கோஸ்ரர்’ என்னும் வகையினது. ‘சைக்குளோன்’ என்பது அதன் பெயர். தமிழிற் சூறாவளி என்க. 1927ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி முதன்முதல் ஓடியது. உயரம் 85 அடி. நீளம் 2,640 அடி, அஃதாவது அரை மைல். தாங்கி நிற்பது உருக்குச் சட்டகம். வண்டி ஓடும் பாதையோ மரம்: பலகைமேற் பலகை அடுக்கி, சில்லு உருளும் இடத்தில் மாத்திரம் இரும்புப் பட்டை பதித்தது.

இவ்வண்டிக்கு எஞ்சின் இல்லை. சங்கிலியொன்று அதனை முதற் குன்றின் உச்சிக்கு இழுத்து விடும். அதன்பின் புவியீர்ப்பே சாரதி. இறங்குகையிற் பெற்ற வேகமே அடுத்த மேட்டில் ஏற்றும். உராய்வு அவ்வேகத்தைச் சிறிது சிறிதாகத் தின்னுமாதலின், பின்வரும் மேடுகள் முதற் குன்றின் உயரத்தை எட்டா. வேகம் மணிக்கு 60 மைல் வரை செல்லும்.

இவ்விளையாட்டின் மூலம் உழைப்பிலே உள்ளது. பென்சில்வேனியா மாநிலத்தில் மலையிலிருந்து நிலக்கரி இறக்குதற்கு 1827இல் ஒரு பாதை அமைத்தனர். நாளடைவில் மக்கள் இன்பம் கருதி அதில் ஏறலாயினர். 1884இல் லாமார்க்கஸ் தொம்சன் என்பார் இதே கோனித் தீவில், விளையாட்டுக்கென்றே ஒரு பாதை அமைத்தார். மணிக்கு ஆறு மைல் வேகம்; கட்டணம் ஐந்து சதம். அச்சிறு வித்தின் வழித்தோன்றலே சூறாவளி.

ஆயின் அதற்கும் ஒரு காலன் வந்தான். 1970களின் தொடக்கத்தில், அயலிலுள்ள நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலையை விரிவாக்கும் பொருட்டு இதனை இடித்தொழிக்க எண்ணினர். மீனைக் காண்பது கல்வி, கூச்சலிடுவது வீண் என்பது அவர் கருத்துப் போலும். மக்கள் கிளர்ந்தெழுந்து தடுத்தனர். பழுதுகள் தீர்க்கப்பெற்று 1975இல் மீண்டும் ஓடியது. 1988இல் நகரின் சின்னமாக ஏற்கப்பட்டது; 1991இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இடம்பெற்றது.

“அப்படியெண்டால் 1927ஆம் ஆண்டுப் பலகை இப்பவும் கிடக்குதோ?” என்று மருமகனை வினவினேன்.

“இல்லை மாமா, உக்கின பலகையை மாத்தி மாத்தித்தான் ஓட்டுகினம்.”

“பிறகென்ன பழம்பொருள்?”

“ஒருக்கால் ஏறிப் பாருங்கோவன்.”

ஏறினேன். சங்கிலி கடகடவென ஒலிக்க வண்டி மெல்ல மேலெழுந்தது. உச்சியிற் கடல் முழுவதும் தெரிந்தது. மறுகணம் கடலுமில்லை, வானுமில்லை. வயிறு நெஞ்சுக்கு ஏறியது. முப்பதாண்டுகள் மாணவர்க்கு வல்லினம் மிகும் இடம் கற்பித்த என் வாயிலிருந்து, இலக்கணத்துக்கு அடங்காத ஓர் அலறல் பிறந்தது. என் முன்னும் பின்னும் எத்தனையோ மொழியினர், அலறல் ஒன்றே. 1948இல், பல ஆண்டுகளாகப் பேச்சிழந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதில் ஏறி அலறினார் என்றும், இறங்கியதும் பேசினார் என்றும் கூறுவர். அது முற்றும் மெய்யோ, கூட்டிச் சொன்னதோ, அன்று நான் நம்பினேன்.

இரண்டு நிமிடத்துக்குள் யாவும் முடிந்தது. நடுங்கும் கால்களுடன் இறங்கி அப்பாதையை நிமிர்ந்து நோக்கினேன். பலகை மாறியது, ஆணி மாறியது, உடைமையாளரும் மாறினர். 1927இல் ஏறியவர் நெஞ்சில் எழுந்த அச்சமும், அதன்பின் வந்த நகையும் மாறவில்லை. அவற்றை அடுத்த தலைமுறைக்கு ஏந்திச் செல்வதற்கே பலகை மாற்றப்படுகிறது. மரத்தை மாற்றாது விட்டிருப்பின், மரமும் இராது, அலறலும் இராது.

ஊர் திரும்பிய பின் வந்த தேர்த்திருவிழாவில், யான் ஒதுங்கி நிற்கவில்லை. என் பாட்டனார் பிடித்த வடமன்று அது. ஆயினும் வடம் இறுகித் தேர் அசைந்தபோது எழுந்த அரோகராவில், அவர் குரலும் கலந்திருந்தது.