தூய எரிசக்தி இலக்குகளும் வீட்டுக் கட்டணப் பட்டியலும்: விக்டோரியாவில் வசிப்போர் அறிந்திருக்க வேண்டியவை

2009ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் விக்டோரியா மாநிலத்தைத் தாக்கிய வெப்ப அலையின்போது, வழக்கமாக எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைவிட 374 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மாநிலத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் 75 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினர். கடும் வெப்பத்திலும் கடும் குளிரிலும் முதியோரையும் நோயாளரையும் குழந்தைகளையும் காப்பது, அவர்கள் வசிக்கும் வீட்டின் தன்மையும் அவ்வீட்டில் எரிசக்திக்குச் செலவிடக்கூடிய பணமுமே ஆகும். எனவே காலநிலை மாற்றம் குறித்த அரசின் நடவடிக்கைகள் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்றன. அந்நடவடிக்கைகள் எவை, அவற்றால் குடியிருப்பாளருக்குக் கிடைக்கும் உரிமைகள் எவை, அவற்றை எவ்வாறு பெறலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் கூறுவது

விக்டோரியாவின் காலநிலை மாற்றச் சட்டம் 2017ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. மாநிலத்தின் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதே அதன் நீண்டகால இலக்கு. வளிமண்டலத்தில் சேரும் பசுமை இல்ல வாயுக்களின் அளவும், மரங்கள் முதலியவற்றால் அதிலிருந்து அகற்றப்படும் அளவும் சமமாகும் நிலையையே நிகர சுழிய உமிழ்வு என்கிறோம். இந்நிலையை எட்டுவதற்கான ஆண்டு முதலில் 2050 எனக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் 2045 எனத் திருத்தப்பட்டது. இடைக்கால இலக்குகளும் வகுக்கப்பட்டுள்ளன. 2005ஆம் ஆண்டின் அளவுடன் ஒப்பிடுகையில், உமிழ்வு 2030இல் 45 முதல் 50 சதவீதமும் 2035இல் 75 முதல் 80 சதவீதமும் குறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 2030இல் 65 சதவீதமும் 2035இல் 95 சதவீதமும் காற்று, சூரிய ஒளி, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைக்க வேண்டும்.

இந்த இலக்குகளை எட்டும் கடமையைச் சட்டம் மாநில அரசின் மீது சுமத்துகிறது. தனியொரு குடும்பத்தின் மீது அன்று. எந்தக் குடும்பமும் இலக்கை எட்டவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் இலக்கை எட்டுவதற்காக அரசு இயற்றும் ஒழுங்குவிதிகளும் வழங்கும் உதவித்தொகைகளும் குடும்பங்களை நேரடியாகச் சென்றடைகின்றன. அவற்றுட் பல தாமாகவே வந்து சேர்வதில்லை. உரியவர் கேட்டுப் பெறவேண்டும்.

நிலக்கரியிலிருந்து விலகுதல்

விக்டோரியாவின் மின்சாரம் நெடுங்காலமாக லட்ரோப் பள்ளத்தாக்கில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியையே சார்ந்திருந்தது. ஈரப்பதம் மிகுந்த இந்நிலக்கரி, ஒரே அளவு மின்சாரத்தைத் தருவதற்குக் கருநிலக்கரியைவிட அதிகமான கரியமில வாயுவை வெளியிடும். அங்கிருந்த ஹேசல்வூட் மின்நிலையம் 2017 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. யலோர்ன் மின்நிலையத்தை 2028இலும் லோய் யாங் ‘ஏ’ மின்நிலையத்தை 2035இலும் மூடுவதற்கு இணக்கம் காணப்பட்டுள்ளது. காற்றாலைகள், சூரியப் பண்ணைகள், பெரிய மின்கலத் தொகுதிகள், அவற்றை இணைக்கும் மின்கம்பித் தடங்கள் ஆகியவை அவற்றின் இடத்தை நிரப்பவேண்டும்.

எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு

ஆஸ்திரேலிய மாநிலங்களுள் வீடுகளில் எரிவாயுவை மிக அதிகமாகப் பயன்படுத்துவது விக்டோரியாவே. ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகளும் வணிக நிலையங்களும் இங்கு எரிவாயு இணைப்புப் பெற்றுள்ளன. வீட்டை வெப்பமூட்டலும் நீரைச் சூடாக்கலுமே இதில் பெரும்பங்கை விழுங்குகின்றன. சமையலுக்குச் செலவாவது சிறுபகுதியே.

2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு வழங்கப்படுவதில்லை. ஏற்கெனவே உள்ள வீடுகளில், எரிவாயுவால் இயங்கும் சுடுநீர்க் கருவி 2027 மார்ச் 1க்குப் பின்னர் திருத்த முடியாதவாறு பழுதடைந்தால், அதற்குப் பதிலாகச் சிக்கனமான மின்சாரக் கருவியையே பொருத்தவேண்டும். திருத்தக்கூடிய கருவியைத் திருத்திப் பயன்படுத்தத் தடையில்லை. சொந்த வீட்டில் வசிப்போர் நல்ல நிலையிலுள்ள கருவியைக் கழற்றவோ எரிவாயு அடுப்பை மாற்றவோ வேண்டுமென எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வாறு கூறி உடனடி விற்பனைக்கு முயல்பவரின் சொல்லை நம்பவேண்டாம்.

மின்சாரக் கருவிகளுள் ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப ஏற்றி முக்கியமானது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது போல, இது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளிழுத்து நீரையோ அறையையோ சூடாக்கும். வெப்பத்தை உருவாக்காமல் இடம் மாற்றுவதால், செலவாகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு அலகு வெப்பம் கிடைக்கும். அறையைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் வல்ல இருவழிக் குளிரூட்டியும் இதே முறையில்தான் இயங்குகிறது.

சமையலறையைப் பொறுத்தவரை, தூண்டல் அடுப்புக்கு மாற விரும்புவோர் தம் பாத்திரங்களை முதலில் சோதித்துக்கொள்வது நன்று. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது இவ்வடுப்புக்குப் பொருந்தும். இரும்புத் தோசைக்கல் பொருந்தும். வெறும் அலுமினியத்தாலான இட்லிப் பானையும் பித்தளைப் பாத்திரமும் பொருந்தா.

இம்மாற்றத்தில் ஒரு நியாயப் பிரச்சினையும் அடங்கியுள்ளது. எரிவாயுக் குழாய்களைப் பராமரிக்கும் செலவு, அவற்றைப் பயன்படுத்துவோர் அனைவரிடையேயும் பகிரப்படுகிறது. வசதியுள்ளோர் ஒவ்வொருவராக விலகும்போது, எஞ்சியிருப்போரின் பங்கு உயரும் அபாயம் உண்டு. இவ்வாறு எஞ்சக்கூடியவர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டில் வசிப்போரும் குறைந்த வருமானத்தினருமே. ஆகவே அடுத்துக் கூறப்படும் உரிமைகளை அவர்கள் அறிந்திருப்பது மிக அவசியம்.

வாடகை வீட்டில் வசிப்போரின் உரிமைகள்

வாடகை வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரங்கள் 2021 மார்ச் 29 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, வீட்டின் முதன்மையான வசிப்பறையில் நல்ல நிலையில் இயங்கும் நிலையான வெப்பமூட்டி இருக்கவேண்டும். இடம் மாற்றக்கூடிய சிறு வெப்பமூட்டியைக் கொடுப்பது போதாது. 2027 மார்ச் 1 முதல் மேலும் சில தரங்கள் சேர்க்கப்படுகின்றன. மேற்கூரையில் வெப்பக்காப்பு இல்லாத வீடு புதிய வாடகை ஒப்பந்தத்தின் கீழ் விடப்படும்போது, அக்காப்பு பொருத்தப்படவேண்டும். வெப்பமூட்டியும் சுடுநீர்க் கருவியும் ஆயுள் முடிந்து மாற்றப்படும்போது, சிக்கனமான மின்சாரக் கருவிகள் பொருத்தப்படவேண்டும். இச்செலவு வீட்டு உரிமையாளருடையது.

சுடுநீர், வெப்பமூட்டி, மின்சாரம், எரிவாயு ஆகியவை செயலிழந்தால் அது சட்டப்படி அவசரத் திருத்தமாகும். உரிமையாளரோ முகவரோ உடனடியாகச் செயற்படாவிடின், வாடகைதாரர் 2,500 டொலர் வரையிலான திருத்தத்தைத் தாமே செய்வித்து, அத்தொகையைத் திரும்பக் கோரலாம். பற்றுச்சீட்டுகளையும், உரிமையாளரைத் தொடர்புகொள்ள எடுத்த முயற்சிகளின் எழுத்துப் பதிவையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். வாய்மொழி வேண்டுகோளைவிட மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ பயனுள்ளது. பிணக்கு நடுவர் மன்றத்துக்குச் சென்றால் அதுவே சான்றாகும். உரிமையைக் கேட்டதற்குப் பழிவாங்கும் விதமாக வெளியேறும் அறிவித்தல் கொடுக்கப்பட்டால், அதனை அம்மன்றத்தில் எதிர்க்கலாம்.

கட்டணத்தைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, ஆண்டு மின்சாரச் சலுகை. ஓய்வூதியச் சலுகை அட்டை, சுகாதாரப் பராமரிப்பு அட்டை, முன்னாள் படையினருக்கான தங்க அட்டை ஆகியவற்றுள் ஒன்றை வைத்திருப்போருக்கு, ஆண்டின் ஒரு சிறு தொடக்கத் தொகை நீங்கலாக, மின்கட்டணத்தில் 17.5 சதவீதம் குறைக்கப்படும். எரிவாயுவுக்கு இதேபோன்ற குளிர்காலச் சலுகை மே 1 முதல் அக்டோபர் 31 வரை உண்டு. வீடு மாறும்போதும் மின்சார நிறுவனத்தை மாற்றும்போதும் அட்டையின் விவரத்தைப் புதிதாக அறிவிக்கவேண்டும். அறிவிக்கத் தவறியதால் தமக்குரிய சலுகையை இழப்போர் உண்டு. பட்டியலில் ‘கன்செஷன்’ என்ற வரி உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நன்று.

இரண்டாவது, பயனீட்டு நிவாரண உதவித்தொகை. எதிர்பாராத செலவால் கட்டணம் செலுத்த இயலாத குறைந்த வருமானக் குடும்பங்கள், மின்சாரம், எரிவாயு, நீர் ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டுக் காலத்தில் 650 டொலர் வரை பெறலாம். மின்சாரத்தை மட்டுமே பயன்படுத்தும் வீட்டுக்கு இது 1,300 டொலர் வரை உயரும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் அறவிடும் நிறுவனத்தையே முதலில் அழைக்கவேண்டும். பணம் செலுத்த முடியாதவருக்கு உதவுவது அந்நிறுவனத்தின் சட்டக் கடமை, அது கருணையன்று. மௌனமாக இருப்பதே கடனை வளர்க்கும்.

மூன்றாவது, கட்டணத் திட்டத்தை மாற்றுதல். ‘விக்டோரியன் டிஃபோல்ட் ஒஃபர்’ என்பது 2019 ஜூலை 1 முதல் அத்தியாவசியச் சேவைகள் ஆணையம் நிர்ணயித்துவரும் நியாயமான மின்கட்டணம். எவரும் தம் நிறுவனத்திடம் இதனைக் கோரலாம். இதைவிடக் குறைந்த கட்டணம் வேறிடத்தில் உண்டா என்பதை மாநில அரசின் ‘விக்டோரியன் எனர்ஜி கம்பேர்’ இணையத்தளத்தில் இலவசமாக அறியலாம்.

நான்காவது, கருவிகளுக்கான கழிவு. ‘விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸ்’ திட்டத்தின் மூலம் வெப்ப ஏற்றி, இருவழிக் குளிரூட்டி முதலியவற்றுக்கு விலைக்கழிவு கிடைக்கும். உரிமையாளரின் இசைவுடன் வாடகைதாரரும் இதனைப் பெறலாம்.

கூரைச் சூரியத்தகடுகள்

கூட்டாட்சி அரசு 2025 ஜூலை 1 முதல் வீட்டு மின்கலங்களின் விலையில் ஏறத்தாழ 30 சதவீதக் கழிவு வழங்குகிறது. சூரியத்தகடுகளுக்கும் கழிவுகள் உண்டு. எனினும் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். மின்வலையமைப்புக்கு விற்கும் மின்சாரத்தின் குறைந்தபட்ச விலை 2024–25இல் ஓர் அலகுக்கு 3.3 சதமாக இருந்தது. 2025 ஜூலை 1 முதல் 0.04 சதமாகச் சுருங்கியது. நண்பகலில் மிகையான சூரிய மின்சாரம் கிடைப்பதே இதற்குக் காரணம். ஆகவே இன்று தகடுகளின் பயன் விற்பதில் இல்லை. சலவை, சுடுநீர், சமையல் ஆகியவற்றைப் பகலில் முடித்து, அம்மின்சாரத்தைத் தாமே பயன்படுத்துவதில் உள்ளது. பெரிய வருமானம் வரும் என்று கூறும் விற்பனையாளரிடம் இக்கணக்கை எழுத்தில் கேட்கவேண்டும்.

வாசலில் நிற்கும் விற்பனையாளர்

‘விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸ்’ திட்டத்தின் பெயரால் தொலைபேசியில் அழைத்து விற்பது 2024 மே 1 முதலும், கதவைத் தட்டி விற்பது 2024 ஆகஸ்ட் 1 முதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. எனவே அழையாமல் வருபவரிடம் கட்டணப் பட்டியலையோ சலுகை அட்டையையோ காட்டவேண்டாம். அன்றே கையொப்பமிடவும் வேண்டாம். தனித்து வாழும் முதியோருக்கு இதனைக் குடும்பத்தினர் எடுத்துரைப்பது நலம்.

நகரசபையின் பங்கு

2020ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், காலநிலை அபாயங்களைத் தணிப்பதையும் அவற்றுக்கெனத் திட்டமிடுவதையும் நகரசபைகளின் ஆட்சிக் கோட்பாடுகளுள் ஒன்றாக விதித்துள்ளது. 2021இல் 46 விக்டோரிய நகரசபைகள் ஒன்றிணைந்து, தம் கட்டடங்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் வேண்டிய மின்சாரத்தைக் காற்றாலைகளிலிருந்து பெறும் கூட்டு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. வெப்ப அலை நாட்களில் நூலகங்களும் சமூக நிலையங்களும் குளிர்ந்த தங்குமிடமாகப் பயன்படும்.

உதவி பெறுதல்

ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறலாம். மின்சார, எரிவாயு நிறுவனத்துடனான முறைப்பாடு தீராவிடின், எரிசக்தி மற்றும் நீர் குறைகேள் அதிகாரியை 1800 500 509 என்ற எண்ணில் அழைக்கலாம்; இச்சேவை இலவசமானது, நிறுவனத்தைச் சாராதது. அழைப்பதற்கு முன் அண்மைய கட்டணப் பட்டியலையும் சலுகை அட்டையையும் அருகில் வைத்துக்கொள்க. தொகைகளும் தகுதி விதிகளும் காலத்துக்குக் காலம் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அவற்றை உறுதிசெய்துகொள்வது அவசியம்.