பூச்சிய எண் பெற்ற சங்கம்

ஸ்கொத்லாந்தின் மேற்கே கில்வினிங் என்னும் சிறு பட்டினம் உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கு மடாலயம் எழுப்ப வந்த கற்றச்சரே தம் சங்கத்தையும் நிறுவினர் என்பது அவ்வூர் வழக்கு.

1599ஆம் ஆண்டில், ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டடப் பணித் தலைவர் வில்லியம் ஷோ என்பார் கற்றச்சர் சங்கங்களுக்கு விதிகள் வகுத்தார். எடின்பரோ முதலாவது, கில்வினிங் இரண்டாவது என்றார். தொழில் பயில்வோரின் நினைவாற்றலைக் கில்வினிங் சங்கம் சோதித்தல் வேண்டும் என்றும் விதித்தார். காலப்போக்கில் உளி பிடித்தறியாத கனவான்களும் சேரவே, இச்சங்கங்கள் பிறீமேசன் சகோதர சங்கங்களாயின.

1736இல் ஸ்கொத்லாந்துப் பெருஞ்சங்கம் தோன்றியது. மூப்பை அறுதியிடுதற்கு ஏட்டுச் சான்றே அளவுகோலாயிற்று. எடின்பரோச் சங்கத்திடம் 1599ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை இருந்தது. கில்வினிங்கில் எஞ்சியவையோ 1642 முதலானவையே. நினைவைச் சோதித்த சங்கம் ஏடின்மையால் பின்தள்ளப்பட்டது! மனம் பொறாது 1743இல் அது பிரிந்து சென்றது. தனித்து நின்று, புதிய சங்கங்களுக்குத் தானே உரிமைப் பத்திரம் வழங்கியது.

அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின், 1807இல் இணக்கம் பிறந்தது. கில்வினிங் பட்டியலின் தலைப்பில் அமர்ந்தது. இன்று எடின்பரோச் சங்கத்தின் எண் ஒன்று; கில்வினிங்கின் எண் பூச்சியம். ஏடு கேட்ட சான்றும் வழிவழி வந்த மதிப்பும் ஒருங்கே காக்கப்பட்டன.

பெயரளவிலான வரிசைக்கோ இத்துணைப் பூசல் என எண்ணத் தோன்றும். ஆயினும், சிற்றூர்ச் சங்கம் ஒன்றுக்குத் தன் வரலாறே பெருஞ்சொத்து. நம் ஊர்ச் சங்கங்களின் கூட்டறிக்கைகளைக் கறையான் அரிக்க விடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.