சோடியத்தில் நீர்க்கசிவு: முதலில் காட்டிக்கொடுக்கும் ஹைட்ரஜன்

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். 98 டிகிரி செல்சியஸில் உருகி, 880 டிகிரி வரை கொதிக்காத உலோகம் அது. வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டிக்காரன். தண்ணீருக்கோ பரம எதிரி.

இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டால்தான் நீராவி கிடைக்கும். குழாய்க்கு வெளியே சோடியம், உள்ளே கடும் அழுத்தத்தில் தண்ணீர். நடுவே சில மில்லிமீட்டர் எஃகுச் சுவர். அதில் ஊசித் துளை விழுந்தாலே நீராவி பீறிட்டு சோடியத்தோடு வினைபுரியும். அந்தச் சூடும் காரமும் அடுத்த குழாயை அரிக்கும். ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலையில் 1987-ல் ஒரு குழாய் உடைந்தது. பத்து வினாடிகளுக்குள் மேலும் 39 குழாய்கள் போயின.

கசிவு சிறிதாக இருக்கும்போதே பிடித்தாக வேண்டும். அதற்கான தடயம் ஹைட்ரஜன். வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் சோடியத்தில் கரைந்துவிடும்.

இதை அளக்க, கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் மின்வேதியியல் சென்சார் ஒன்றை உருவாக்கியது. மெல்லிய இரும்புக் கிண்ணம் சோடியத்தில் மூழ்கியிருக்கும். சோடியத்தை உள்ளே விடாத இரும்பு, ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும். கிண்ணத்துக்குள் கால்சியம் புரோமைடும் கால்சியம் ஹைட்ரைடு புரோமைடும் (CaHBr) கலந்த மின்பகுளி. ஹைட்ரைடு அயனிகள் அதன் வழியே நகரும். மறுபக்கம், ஹைட்ரஜன் அழுத்தம் மாறாத ஒப்பீட்டு மின்முனை. இரு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும்.

ஒரு டன் சோடியத்தில் 50 மில்லிகிராம் ஹைட்ரஜன் இருப்பதாகக் கொள்வோம். அது 60 மில்லிகிராம் ஆனால், 450 டிகிரியில் மின்னழுத்தம் சுமார் 11 மில்லிவோல்ட் நகரும். சாதாரணக் கருவியே படித்துவிடும் அளவு இது. ஹைட்ரஜன் குறைவாக உள்ள இடத்தில்தான் இந்த சென்சாரின் கண் கூர்மை; சோடியம் தூய்மையாக இருக்க இருக்க, புதுக் கசிவு பளிச்செனத் தெரியும்.

ஆனால் உலையைத் தொடங்கும்போது சோடியம் அவ்வளவு சூடாக இருக்காது. அப்போது ஹைட்ரஜன் முழுதும் கரையாமல் குமிழ்களாக மேலேறி, சோடியத்துக்கு மேலுள்ள ஆர்கான் வாயுவில் சேர்ந்துவிடும். மூழ்கிய சென்சார் அதை முழுதாகப் பார்க்காது. அதனால்தான் அந்த ஆர்கானிலும் ஹைட்ரஜனைத் தேடத் தனிக் கருவி வைக்கிறார்கள்.