படிவம் ஏற மறுத்தால்

சங்கத்தின் ஆண்டுக் கணக்கு முடிந்து, தணிக்கையும் நிறைவேறிவிட்டால் வேலை தீர்ந்தது என நிர்வாகிகள் எண்ணுவது இயல்பே. ஆனால் வருமானவரிப் படிவம் உரிய நாளுக்குள் துறைக்குப் போய்ச் சேராவிடில், அவ்வளவு உழைப்பும் பயனற்றுப் போகக்கூடும்.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஒசூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். காரியதரிசி கவலையோடு அமர்ந்திருந்தார். வரித்துறைத் தளத்திலிருந்து இறக்கிய ஜேசன் கோப்பை, படிவம் தயாரிக்கும் மென்பொருள் ஏற்க மறுத்தது. “கணக்கில்தான் பிழை போலும், ஐயா” என்றார். கணக்கில் பிழையில்லை. பழைய உலாவி கோப்பை அரைகுறையாகவே சேமித்திருந்தது. வேறு கணிப்பொறியில் புதிய உலாவி கொண்டு இறக்கியதும் கோப்பு தடையின்றி ஏறிற்று.

இது சிறு விஷயமன்று. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80பி பிரிவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரிக்கழிவு அளித்தது. குடிசைத் தொழில் சங்கங்களும், அங்கத்தினர் விளைவித்த பொருளை விற்றுத்தரும் சங்கங்களும் அதில் அடங்கும். உரிய நாளுக்குள் படிவம் தாக்கலானால்தான் அக்கழிவு கிட்டும் என 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. தணிக்கைத் தாமதம் முதலியவற்றால் நாள் தவறிய சங்கங்களின் மனுக்களைப் பரிசீலிக்க, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூலை 26-இல் தனிச் சுற்றறிக்கையே வெளியிட நேர்ந்தது.

ஆகவே, கோப்பு ஏறாதபோது பதறாமல் வரிசையாகச் சோதித்தல் நன்று.

முதலாவது, உலாவி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2022 ஜூன் 15-இல் முடிந்தது. விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறியில் குரோம் 109-ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. அத்தகைய இயந்திரத்தோடு போராடுவதைவிட, புதிய இயந்திரத்தை நாடுவதே சிக்கனம்.

இரண்டாவது, உலாவியில் தேங்கிய பழைய தற்காலிகப் பதிவுகளை அழித்துவிட்டு, கோப்பை மீண்டும் இறக்குக. இறக்கிய கோப்பை எக்ஸெல் போன்றவற்றில் திறந்து சேமித்தலாகாது. அதன் அமைப்பு சிதையும்.

மூன்றாவது, மென்பொருள் அவ்வாண்டுக்குரிய புதிய பதிப்புதானா, கோப்பிலுள்ள ஆண்டும் பான் எண்ணும் சங்கத்தினுடையவைதாமா எனப் பார்த்தல் வேண்டும்.

படிவம் ஏறிவிட்டதோடும் வேலை முடிந்துவிடாது. 2022 ஆகஸ்ட் 1 முதல், தாக்கல் செய்த படிவத்தை 30 நாட்களுக்குள் சரிபார்த்து உறுதிசெய்தல் வேண்டும் என்ற விதி வந்தது. அந்நாள் கடந்தால், சரிபார்த்த தேதியே தாக்கல் தேதியாகக் கொள்ளப்படும்; வரிக்கழிவும் ஆபத்துக்குள்ளாகும்.

2021 ஜூன் 7-இல் புதிய வரித்தளம் தொடங்கியபோது நேர்ந்த கோளாறுகளால் அரசே கடைசி நாளைத் தள்ளிவைத்தது. ஆண்டுதோறும் அவ்வாறு நேருமென நம்பியிருத்தல் தகாது. மாங்காயை முழுதும் கனியவிட்டுத் தொலைதூரச் சந்தைக்கு ஏற்றுவோர் கிருஷ்ணகிரியில் இல்லை. படிவத்தையும் கடைசி நாள்வரை வைத்திருத்தல் வேண்டா.

அங்கத்தினர்களும் பார்த்துக்கொண்டிருத்தல் போதாது. அடுத்த பொதுக்குழுவில், “ஒப்புகைச் சீட்டு எங்கே? அதில் என்ன தேதி?” என்று கேளுங்கள். மிச்சமாகும் வரிப்பணம் உங்களுடையதே.